மோதிர விரலில் பாதி

சுண்டுவிரல் முழுவதும்,
மோதிர விரலில் பாதி.
மரத்துப்போனது அவ்வளவுதான் என்று
நாகர்கோவில் டாக்டர் என் விரலின் நடுவே
பேனாவால் ஒரு கோடு கிழித்தார்.
இந்தப் பக்கம் ஒரு நரம்பு, அந்தப் பக்கம் வேறொன்று.
கல்யாண மோதிரம் கிடந்த விரல்.
பன்னிரண்டு வருடமாக
அது ஒரே விரல் என்றுதான் நினைத்திருந்தேன்.

முட்டத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறேன்.
மீன்பெட்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றி
இடக்கையால்,
சூரை எத்தனை, கணவாய் யாருக்கு, பாக்கி எவ்வளவு என்று
விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறும்வரை.
எடங்கைக்காரி என்றால் அங்கே நான்தான்.
அந்தக் கையால் ரூபாய் நீட்டினால்
செல்வநாயகம் வாங்க மாட்டார்.
"தராசுல வையி" என்பார்.
வைத்தால் எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் 'கிளாத்தி' என்று எழுதப் போய்
'கி'யோடு பேனா விழுந்தது.
எடுத்தேன். மறுபடி விழுந்தது.

முழங்கைக்குப் பின்னால் நெரிந்து கிடந்த நரம்பை
முன்பக்கம் மாற்றி வைத்தார்களாம்.
பீரோவை நகர்த்தினோம் என்பதுபோல் சொன்னார்கள்.

வலக்கைக்கு எழுதத் தெரியும்.
நாலாம் வகுப்பில் சிஸ்டர் பெனிஞ்ஞா
மர ஸ்கேலின் விளிம்பால் கற்றுக்கொடுத்தது.
இடக்கையைப் பாவாடை நாடாவோடு கட்டி வைப்பார்.
இரண்டு வருடம்.
மாறுதல் வந்து அவர் பஸ் ஏறிய அன்று மதியமே
பேனா இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இப்போது திறந்து பார்த்தால்
அந்தக் கையெழுத்துக்கு வயதே ஆகவில்லை.
வரியை விட்டு மேலேறும் 'ழ',
அடி விழுமோ என்று அழுத்திய அழுத்தம்
அடுத்த இரண்டு தாளிலும் பதிகிறது.
கூட்டுறவு வங்கியில் ஒத்துவரவில்லை.
யாராக்கும் நீ என்று
கேட்காமல் கேட்டார் காசாளர்.
நாற்பத்தொரு வயதுக்காரியின் கணக்கில்
ஒன்பது வயதுப் பிள்ளை பணம் எடுக்க வந்திருந்தது.

சிஸ்டருக்கு நீ நன்றி சொல்லணும் என்கிறான் கிளீட்டஸ்,
கொச்சியில் படகு அடைந்த இரவில், போனில்.
சொல்ல மாட்டேன்.
ஒரு பக்கம் பிழையில்லாமல் முடியும்போதெல்லாம்
எனக்குக் கோபம்தான் வருகிறது.

சோறும் இந்தக் கைதான், மற்றதும் இந்தக் கைதான்.
சோப்புதான் சீக்கிரம் கரைகிறது.
ஜாக்கெட் கொக்கியை ரெஃபினா மாட்டிவிடுகிறாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு, பள்ளி வேன் ஹாரன் அடிக்க.
வலக்கையால் நீட்டிய ரூபாயை
நேராக வாங்கிக்கொண்டார் செல்வநாயகம்.
"இப்பம் கொள்ளாம்."
எண்ணிப் பாரும் என்றேன். வேறென்ன சொல்ல.

நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்,
நரம்பு ஒழுங்காக வளர்ந்தால்.
ரெஃபினாவின் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தோம்:
முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனி
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
ஒரு தடைக்காலம் முடிந்து இன்னொன்று வந்துவிடும்.
ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
வலக்கை இடக்கையின் மேல் ஒரு புள்ளி வைக்கும்.
குளித்தால் அழியும். மறுபடி வைக்கும்.
ஏழாவது புள்ளி இன்னும் தழும்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்.
உள்ளே நரம்பு எங்கே நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்.
ராத்திரி சில நேரம் எறும்பு ஊர்கிறது.
விளக்கைப் போட்டால் எறும்பு இல்லை.

டாக்டர் செய்த சோதனையை
இவள் விளையாட்டாக்கிவிட்டாள்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்
ஏதாவது ஒரு தாள். அவள் இழுப்பாள், நான் விடக்கூடாது.
தினமும் வழுக்கிப் போகும்.
வெண்ணெய்க்குள் வைத்தது மாதிரி
சத்தமே இல்லாமல் போகும்.

இன்றைக்கு,
கரண்ட் இல்லாத எட்டு மணிக்கு,
வழுக்கவில்லை.
கிழிந்தது.
பாதி அவளிடம், பாதி என்னிடம்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தோம்,
செல்வநாயகத்தின் சீட்டு. நாற்பது கிலோ கணவாய்.
காலையில் கணக்குக்கு அது வேண்டும்.
செல்லோ டேப் எங்கே வைத்தாய் பிள்ளே
என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.
என் பாதியை நான் இன்னும்
கீழே வைக்கவில்லை.